வீட்டுக்கு வேஷம் கட்டுதல்

பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்பது வாசகர்கள் அறியாததல்ல. அடுத்த வீட்டு அட்டிகை இரவலாக வரும். எதிர்வீட்டு நாற்காலிகள் நடுக்கூடத்துக்கு வரும். என்றும் அடுப்படியில் வேகின்ற பெண் அன்று ஒரு மணி நேரம் பொம்மையாக நிறுத்தப்படுவாள். குறை ஏதேனும் இருந்தால் அது பேச்சில் தலைகாட்டாமல் பார்த்துக்கொள்ள ஓர் அத்தையை நியமிப்பதும் உண்டு. இந்த வழக்கத்தைச் சீர்திருத்தக்காரர்கள் கண்டித்து எத்தனையோ ஆண்டுகளாகின்றன. இப்பொழுது அதே சடங்கு செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் நடக்கத் தொடங்கியிருக்கிறது. வீட்டை விற்பதற்கு முன் அதற்கு வேஷம் கட்டி, வாங்க வருகிறவர் கண்ணை மயக்குவதைக் கலை என்கிறார்கள் சிலர். சாமர்த்தியம் என்கிறார்கள் வேறு சிலர். கெப்பாலா பத்தாஸ் பக்கத்துத் தாமான்களுக்கும் இந்தக் கலை வந்து சேர்ந்துவிட்டது. அதனால் ஒரு குடும்பம் பட்ட பாட்டை நாம் அருகிலிருந்து கண்டோமாதலால், சற்றுக் காரமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நம் சகோதரி வட செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி லயம் காலியானபோது, பிறையில் தொழிற்சாலை வேலையிலிருந்த தம் மகனோடு வாடகை வீட்டுக்கு வந்தார். தாயும் மகனும் சொந்தமாக ஒரு வீடு வேண்டுமென்று தேடினார்கள். புது வீடு விலை எட்டவில்லை. கட்டி முடியும் வரை வாடகையும் தவணையும் சேர்த்துக் கொடுக்கவும் சக்தியில்லை. ஆகவே ஒருவர் குடியிருந்து விற்கும் பழைய வீட்டையே நாடினார்கள். 2018-ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தரகர் ஒருவர் எங்கள் மூவரையும் கெப்பாலா பத்தாஸ் அருகில் ஒரு வரிசை வீட்டுக்கு அழைத்துப் போனார்.

கதவைத் திறந்ததும் பாண்டான் இலை மணம். பட்டப்பகலில் எல்லா விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. குளிர்சாதனம் நாங்கள் வருவதற்கு முன்பே ஓடி வீட்டைக் குளிர வைத்திருந்தது. சுவரெல்லாம் பாலாடை நிறத்தில் புது வர்ணம். படுக்கையறையில் ஒரு சின்னஞ்சிறு கட்டில். அதன் எதிரே ஆளுயரக் கண்ணாடி. அறை இரண்டு மடங்காகத் தெரிந்தது. நம் சகோதரி வாசற்படியிலேயே கண் கலங்கிவிட்டார். லயத்தில் பிறந்து லயத்தில் பிள்ளை பெற்றவருக்கு அந்தக் கூடம் அரண்மனையாகத் தெரிந்ததில் வியப்பென்ன? நாமும் மயங்கினோம் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. பிறருக்குப் புத்தி சொல்லும் தொழிலில் இருந்தும், அன்று ஒரு சுவரைக்கூட நாம் தட்டிப் பார்க்கவில்லை.

தாயும் மகனும் ஊழியர் சேமநிதியில் வீட்டுக்காக எடுக்க அனுமதிக்கப்பட்ட பணத்தை எடுத்தார்கள். பத்து விழுக்காடு முன்பணம் கொடுத்து, மிச்சத்துக்கு வங்கியில் கடன் எழுதினார்கள். சாவி கைக்கு வந்தபோது கட்டிலும் கண்ணாடியும் அலமாரிகளும் போய்விட்டன. அவை விற்றவருடையவை; அதில் குற்றமில்லை. ஆனால் பெரிய அலமாரி நின்ற இடத்தில் சுவரின் மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு. மாலை நான்கு மணிக்கு மேற்கு வெயில் அடித்தபோது முன்னறையில் உட்கார முடியவில்லை. காலை பத்து மணிக்கு எங்களை அழைத்த காரணம் அப்போதுதான் விளங்கிற்று. மூன்று மாதம் கழித்து, பாலாடை நிறச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, வர்ணம் தோலாக உரிந்தது. அந்தக் கோடு கூடத்திலும் இருந்தது, அறையிலும் இருந்தது, அடுப்படியிலும் ஒரே உயரத்தில் இருந்தது. பக்கத்து வீட்டு மலாய் மூதாட்டி அதைப் பார்த்துவிட்டு, “வெள்ளம் வந்ததை உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?” என்று கேட்டாராம்.

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்குத் தீவையும் செபராங் பிறையையும் மூழ்கடித்த பெருமழையை இம்மாநிலத்தார் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வெள்ளம் அந்த வீட்டிலும் புகுந்து நின்றிருக்கிறது. நீர் வடிந்த சில மாதத்தில் வர்ணம் பூசப்பட்டது. வர்ணம் காய்ந்ததும் வீடு சந்தைக்கு வந்தது. ஈரம் குடித்த சுவரிலுள்ள உப்பு வர்ணத்துக்குப் பயப்படுமா? நீர் ஆவியாக வெளியே வரும்போது உப்பையும் இழுத்துக்கொண்டே வரும். மேலே பூசியதைத் தள்ளிக்கொண்டு வரும்.

நிற்க. இந்த வேஷக்கலை நம் ஊரில் முளைத்ததல்ல. அமெரிக்காவில் சியாட்டில் நகர்ப் பக்கத்தில் பார்ப் ஷுவார்ட்ஸ் என்னும் அம்மையார் 1972-இல் இதைத் தொடங்கினார் என்பார்கள். நாடக மேடையை ஜோடிப்பது போல விற்கும் வீட்டை ஜோடிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. குடியிருப்பவரின் அடையாளங்களை அகற்று, சுவருக்கு எவரையும் உறுத்தாத நிறம் பூசு, சாமான்களைக் குறை, வெளிச்சத்தைக் கூட்டு என்பவையே இத்தொழிலின் பாலபாடம். பின்னர் அதற்குப் பயிற்சி வகுப்புகளும் சான்றிதழ்களும் வந்தன. இன்று இந்நாட்டுத் தரகர் சிலரும் அந்தப் பாடத்தை மனப்பாடம் செய்து வீட்டுக்காரருக்கு ஒப்பிக்கிறார்கள்.

இதனால் விலை கூடுகிறதா? வேடிக்கை இங்கேதான் இருக்கிறது. லேன், சைலர் முதலிய அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2015-இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். ஒரே வீட்டைச் சுவரின் நிறத்தையும் தளவாடத்தையும் மாற்றி மாற்றிப் பலருக்குக் காட்டினார்கள். நல்ல நிறமும் நல்ல தளவாடமும் இருந்தபோது வீடு வசிக்க இனிதாயிருக்கும் என்ற எண்ணம் பார்த்தவர்களுக்கு உண்டாயிற்று. ஆனால் அவர்கள் கொடுக்கச் சம்மதித்த விலை குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. அப்படியானால் நாற்காலியும் திரைச்சீலையும் தனியே பெரிய இலாபம் தருவன அல்ல. வேஷத்தில் இலாபம் தரும் பகுதி வேறு. திரைச்சீலைக்குப் பின்னே எதை மறைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது அது. வெடிப்பின் முன் நிற்கும் அலமாரிக்கும், ஒழுகும் கூரையின் கீழ் புதிதாகப் போட்ட பொய்க் கூரைக்கும், கறையான் தின்ற நிலைக்கதவின் மேல் பூசிய பளபளப்புக்கும்தான் வாங்குகிறவன் விலை கொடுக்கிறான். தட்டிப் பார்த்தால் அந்த நிலை உள்ளே வெற்றாக ஒலிக்கும். ஆனால் கல்யாண வீட்டுக்குப் போனவன் மணப்பெண்ணின் பல்லைத் தட்டிப் பார்ப்பானா என்கிற கூச்சம் நம்மவருக்கு உண்டு. அந்தக் கூச்சத்தை நம்பித்தான் வர்ணம் பூசப்படுகிறது.

அப்படியானால் குப்பையும் கூளமுமாக வீட்டைக் காட்டச் சொல்கிறீரோ என்று சிலர் கேட்கக் கூடும். இல்லை. விற்கும் வீட்டைப் பெருக்குங்கள், கழுவுங்கள், ஒட்டடை அடியுங்கள், ஒழுகும் குழாயை மாற்றுங்கள், சுவருக்கு வர்ணமும் பூசுங்கள். வெடிப்பை அடைத்துச் சீர்செய்து பூசினால் அது பழுதுபார்த்தல். அடைக்காமல் பூசினால் அது களவு. இரண்டுக்கும் ஒரே வாளி வர்ணம்தான் செலவாகிறது என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடுமா? “எல்லாரும் செய்கிறார்கள்” என்பது இன்னொரு சமாதானம். எல்லாரும் வரதட்சிணை வாங்கிய காலத்திலும் இதே சமாதானம்தான் சொல்லப்பட்டது. “வாங்குகிறவனுக்குக் கண் இல்லையா?” என்பது மூன்றாவது. கண் இருக்கிறது, அந்தக் கண்ணைக் கட்டுவதற்குத்தானே இவ்வளவு செலவு செய்கிறீர்கள்?

இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வது நம்மவர்க்கு அவசியம். புது வீட்டை மேம்பாட்டாளரிடம் வாங்கினால், சாவி பெற்ற நாள் முதல் 24 மாதங்களுக்குள் தெரியவரும் பழுதுகளை அவரே நீக்கித் தரவேண்டும். தராவிட்டால் 2002 முதல் நடந்துவரும் வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பழைய வீட்டை ஒருவர் கையிலிருந்து வாங்கினால் இந்த இரண்டும் இல்லை. உள்ளது உள்ளபடியே வாங்கிக்கொண்டேன் என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும். அதில் கையெழுத்து வாங்கப்பட்டிருக்கும். ஏழை வாங்குவது பெரும்பாலும் பழைய வீடு. பாதுகாப்பு பெரும்பாலும் புது வீட்டுக்கு. இந்த ஏற்பாட்டின் அழகை என்னென்பது!

எனினும் வாசல் முழுவதும் அடைபட்டுவிடவில்லை. இந்நாட்டு 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் பின்பற்றியது. அதன் 17-வது பிரிவில் மோசடி இன்னதென்று விளக்கப்பட்டிருக்கிறது. தான் அறிந்த ஓர் உண்மையை முனைந்து மறைப்பது மோசடி. வெறும் மௌனமோ பொதுவாக மோசடியாகாது. இதை விளக்கச் சட்டம் ஒரு குதிரையைக் கொண்டு வருகிறது. குதிரைக்குக் குறை உண்டென்று அறிந்தவன் அதை ஏலத்தில் விற்கிறான்; வாயைத் திறக்கவில்லை; அது மோசடியன்று. ஆனால் வாங்குகிறவன், “நீ மறுக்காவிட்டால் குதிரை குறையற்றதென்று எடுத்துக்கொள்வேன்” என்று சொல்லி, விற்பவன் அப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமானம். வாங்குகிறவள் விற்பவனின் மகளாயிருந்து அப்பொழுதுதான் வயது நிரம்பியவளானால், அவளுக்குக் குறையைச் சொல்லியே தீரவேண்டும் என்றும் அதே இடத்தில் இருக்கிறது. மகளுக்குச் சொல்ல வேண்டியதை ஊரார் மகளுக்குச் சொல்ல வேண்டாமா என்று நாம் கேட்போம். சட்டம் அவ்வளவு தூரம் வரவில்லை.

இதிலிருந்து தோட்டத்துத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. வாயில்லாமல் வாங்கினால் சட்டமும் வாயில்லாமல் நிற்கும். 19-வது பிரிவு ஏமாற்றப்பட்டவன் ஒப்பந்தத்தை விலக்கிக்கொள்ள இடம் தருகிறது. ஆனால் பொய்க்கூற்றாலோ மௌனத்தாலோ ஏமாந்தவன் சாதாரண ஜாக்கிரதையோடு இருந்தால் உண்மையைக் கண்டிருக்கலாம் என்றால், அந்த இடத்தையும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே முன்பணம் கொடுக்கும் முன்னே, இந்த வீட்டில் எப்போதாவது வெள்ளம் புகுந்ததா, கூரை ஒழுகியதா, கறையானுக்கு மருந்து அடித்தீர்களா, எந்தச் சுவரை எப்போது பழுதுபார்த்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மறுக்காவிட்டால் குறையில்லை என்றே கொள்வோம் என்றும் அதிலேயே எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் சரி, மலாயில் எழுதினாலும் சரி. கைத்தொலைபேசிச் செய்தியாக இருந்தாலும் சரி, அழிக்காமல் வைத்திருங்கள். நேர்மையான விற்பனையாளர் இதற்குக் கோபிக்க மாட்டார். கோபிப்பவரிடம் வாங்க வேண்டியதில்லை.

தரகரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுத் தரகு பதிவு பெற்றவர் செய்ய வேண்டிய தொழில் என்று 1981 முதல் இந்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. நல்லவர்களும் அதில் இருக்கிறார்கள். ஆனால் வழக்கமாக அவர் கூலி விற்பவர் பணத்திலிருந்து வருவது. அவர் “அண்ணே, அக்கா” என்று உறவு கொண்டாடும்போது, யார் சம்பளத்தில் உறவு கொண்டாடுகிறார் என்பதை மறக்கலாகாது.

வேஷத்தின் இன்னொரு முகத்தையும் காட்டாமல் விடுவதற்கில்லை. தமிழர் ஒருவர் தம் வீட்டை விற்கப் போனால் தரகர் அவர் காதோடு சொல்வது என்ன? வாசல் தோரணத்தைக் கழற்றுங்கள், சாமி படத்தை உள்ளே வையுங்கள், ஆள் வரும் நாளில் மீன் குழம்பு வைக்காதீர்கள். தமிழர் வீடென்று தெரியாமலிருந்தால் எல்லா இனத்தாரும் வருவார்கள் என்கிறார். சாமி படங்களை எடுங்கள் என்று நாம் பகுத்தறிவைக் காட்டிச் சொன்னபோது அடிக்க வந்த கனவான்கள், தரகர் சொன்னதும் பேசாமல் எடுத்துப் பெட்டியில் வைக்கிறார்கள்! பக்தியின் யோக்கியதை அவ்வளவு. அது கிடக்கட்டும். குழம்பு மணம் என்ன குற்றம் செய்தது? வெள்ளம் வந்த கதையை ஒளிப்பதும், வீட்டில் தமிழர் வாழ்ந்த கதையை ஒளிப்பதும் தரகர் கணக்கில் ஒரே வரிசையில் வருகின்றன என்றால், நாம் ஒரு சுவர்க்கறையாகவா ஆகிவிட்டோம்? வாடகை விளம்பரங்களில் இன்ன இனத்தார் வேண்டாம் என்று கூசாமல் எழுதும் வழக்கம் இந்நாட்டில் இருக்கிறது. அந்த வழக்கத்தை எதிர்ப்பதை விட்டு, நம் வீட்டிலிருந்து நம்மையே துடைத்தெறிந்து விற்றால், எழுதியவன் கை வலுக்குமே தவிரக் குறையாது.

ஜார்ஜ் டவுனைப் பாருங்கள். 1948-க்கு முந்திய கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திய சட்டம் 1999 முடிவோடு ஒழிந்தது. 2008-இல் அந்நகரம் உலக மரபுச் சின்னமாயிற்று. அதன் பின் எத்தனை பழைய கடைவீடுகள் வர்ணம் பூசி, ஓடு மாற்றி, விளக்குப் போட்டு விலைக்கும் விடுதிக்கும் வந்தன! முகப்புகள் அழகாயிருக்கின்றன, மறுக்கவில்லை. அந்த முகப்புகளுக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாக ஒண்டியிருந்த சிறு வாடகைக்காரர் பலர் எங்கே போனார்கள் என்று முகப்புச் சொல்லாது. அவர்களில் சிலர் பாலத்தைக் கடந்து இந்தப் பக்கம் மலிவான பழைய வீடு தேடி வந்தவர்கள். அங்கே ஓர் அலங்காரத்தால் வெளியேறியவர் இங்கே இன்னோர் அலங்காரத்தில் விழ வேண்டுமா?

அலங்காரத்தில் விழுவது நமக்குப் புதிதல்ல. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு நம் முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். 1910-இல் அந்த முறை நின்றது. கங்காணி முறை தொடர்ந்தது. ஊருக்குப் போன கங்காணி எப்படிப் போனார்? சரிகை வேட்டியும், விரலில் மோதிரமும், கையில் குடையுமாகப் போனார் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மலாயாவை வாயாரப் புகழ்ந்தார். லயத்தின் அகலத்தைச் சொல்லவில்லை, மலேரியாவைச் சொல்லவில்லை, முன்பணம் கடனாக ஏறுவதைச் சொல்லவில்லை. ஒரு நாட்டுக்கே வேஷம் கட்டி விற்றார்கள். நம் பாட்டன் பாட்டி அதை வாங்கினார்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் தடை போட்ட பிறகே அந்த வியாபாரம் ஓய்ந்தது. அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சக தோட்டத் தொழிலாளிக்கு வீட்டை விற்கும்போது கங்காணியின் சரிகை வேட்டியை எடுத்துக் கட்டிக்கொள்கிறார்கள் என்றால், எங்கே முட்டிக்கொள்வது?

பழங்கால இந்தியாவிலும் வீடு விற்றார்கள். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தை நாம் வேதவாக்காகக் கொண்டாடுகிறவர்களல்ல; அதில் தள்ள வேண்டியது நிறைய உண்டு. ஆனாலும் அதில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. வீட்டை விற்பவன் அயலார் முன்னிலையில், ஊர்ப் பெரியவர்கள் அறிய, எல்லைகளை உள்ளபடி சொல்லி, இந்த விலைக்கு யார் வாங்குகிறீர்கள் என்று கூறி விற்க வேண்டும். அயலார் நிற்கும்போது வெள்ளம் வந்ததை மறைக்க முடியுமா? எங்கள் விஷயத்தில் வேலிக்கு அப்பால் அந்த மலாய் மூதாட்டி நின்றுகொண்டேயிருந்தார். நாங்கள் காரை விட்டு இறங்கியபோது சிரிக்கவும் செய்தார். எங்களில் ஒருவருக்கும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. குளிர்ந்த வீட்டுக்குள் போவதற்கு அவ்வளவு அவசரம்.

நம் சங்கங்களும் மன்றங்களும் திருவிழாவுக்கும் பொன்னாடைக்கும் செலவிடும் சக்தியில் ஒரு சிறு பங்கை இதற்குத் தரலாம். கூட்டாக நின்றால் என்ன செய்ய முடியும் என்பதற்கு நமக்கே முன்மாதிரி உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளரின் சிறுசிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கிற்று. தோட்டத்தை வாங்கத் தெரிந்த சமூகத்துக்கு ஒரு வரிசை வீட்டைப் பரிசோதித்து வாங்க ஆள் கிடையாதா? கொத்தனாரும் தச்சரும் மின்சார வேலைக்காரரும் நம்மிடையே ஏராளம். வீடு வாங்கப் போகும் குடும்பத்தோடு அவர்களில் ஒருவரை ஒரு நாள் கூலி கொடுத்து அனுப்பினால் போதும். காலையில் ஒரு முறை, மாலை நான்கு மணிக்கு ஒரு முறை, நல்ல மழை பெய்யும்போது ஒரு முறை போய்ப் பார்க்கட்டும். அலமாரியை நகர்த்தச் சொல்லட்டும். விளக்கை அணைக்கச் சொல்லட்டும். மணமூட்டிய இலையை வெளியே வைக்கச் சொல்லட்டும். முப்பது ஆண்டுக் கடனுக்கு மூன்று நாள் பார்வை அதிகமல்ல.

இவ்வளவும் எழுதி முடிக்கும் தறுவாயில் சகோதரியின் மகனே வந்து சேர்ந்தான். வீட்டைத் தட்டுமுட்டாகப் பழுதுபார்த்து இத்தனை வருஷம் ஓட்டியாயிற்று, இப்போது பட்டர்வொர்த் பக்கம் போக வேண்டியிருக்கிறது, விற்கப் போகிறான். தரகர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

“மாமா, முன்கூடத்துக்கு என்ன வர்ணம் அடித்தால் நல்லது?” என்று கேட்டான்.

“வெள்ளக் கோட்டை என்ன செய்யப் போகிறாய்?” என்றோம்.

சற்று நேரம் தரையைப் பார்த்தான். “சொன்னால் விலை இறங்கும், மாமா. நமக்கு யார் சொன்னார்கள்?” என்றான். அவன் தாய் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டை முதன்முதல் கண்டபோது கலங்கிய அதே கண்களால் மகனைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. வாங்க வருகிறவர்களுக்குக் கொடுக்க, வெள்ளம் வந்த தேதியும் தண்ணீர் நின்ற உயரமும் குறித்து நாம் ஒரு தாளில் எழுதி அவன் கையில் கொடுத்தோம். சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு போயிருக்கிறான்.